மணலுக்குள் நான்கு புட்டிகள்

புறநானூற்றின் 56ஆம் பாடலை மாணவர்க்கு நடத்தும் ஒவ்வோர் ஆண்டும், ஓரிடத்தை மட்டும் சற்று விரைந்து கடந்துவிடுவது நம் வழக்கமாக இருந்தது. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரனார் பாடிய பாடல் அது. சிவன், பலராமன், திருமால், முருகன் என்னும் நால்வரோடும் மன்னனை ஒப்பிட்டுப் புகழ்ந்தபின், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ச்சியும் மணமும் உடைய தேறலை, வளையணிந்த மகளிர் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர, நாள்தோறும் அருந்தி இனிது வாழ்வாயாக என்று புலவர் வாழ்த்துகிறார். நான்கு தெய்வங்களுக்கும் ஒரு பாடவேளை முழுவதையும் தருவோம். தேறலுக்கு அரை நிமிடம். “தேறல் என்றால் தெளிந்த மது. குறித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வகுப்பில் அப்படிப் போக முடியவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, “ஐயா, பாண்டியன் குடித்தால் தேறல், வாழ்த்து. எங்கள் ஊரில் குடித்தால் மட்டும் ஏன் ஐயா வேறு பெயர்?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவள் வீட்டு நிலைமையை நாம் ஓரளவு அறிவோம். ஆதலால் நாமும் சிரிக்கவில்லை. காலம், சூழல், சங்க மரபு என்று சில சொற்களைச் சொல்லிச் சமாளித்தோம். மணி அடித்தது, தப்பித்தோம். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி உடன் வந்தது. இருபது ஆண்டுகளாகத் தேறல், நறவு, தோப்பி, மட்டு என்று பாடம் சொல்லும் நமக்கு அவற்றுள் ஒன்றன் மணம்கூடத் தெரியாது. அறியாத ஒன்றைப் பாடம் சொல்வது தமிழாசிரியர்க்குப் புதிதன்று. ஆனாலும் அன்று வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்தின் விளைவே இக்கட்டுரை. குடியைப் போற்றுவதோ பழிப்பதோ இதன் நோக்கமன்று. யவனர் கொண்டுவந்தது எது, அதன் சுவை எப்படி இருந்திருக்கக்கூடும், நம் நிலத்துத் தேறல் என்னவாயிற்று என்னும் மூன்று கேள்விகளே நம்மை ஆட்கொண்டவை.

* * *

முதலில் சான்றுகளைப் பார்ப்போம்.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரையக் கடற்பயண நூல்’ ஒரு வணிகனின் கையேடு. எந்தத் துறையில் எது விற்கும், எது கிடைக்கும் என்பதே அதன் பேச்சு. முசிறிக்கும் அதன் அண்டைத் துறைக்கும் கொண்டுபோக வேண்டியவற்றை அது வரிசைப்படுத்துகிறது: பெருமளவில் நாணயம், துணி, பவளம், கண்ணாடி, செம்பு, தகரம், ஈயம்; அவற்றிடையே திராட்சை மதுவும் உண்டு, ஆனால் அதிகமில்லை என்ற குறிப்போடு. இன்றைய குசராத்தின் பரூச்சாகிய பாருகச்சம் பற்றிச் சொல்லும்போது இன்னும் துல்லியமாகப் பேசுகிறது. அங்கே இத்தாலிய மதுவுக்கே முதலிடம். இலவோதிக்கேயா நகரத்து மதுவும் அரபு நாட்டு மதுவும் அடுத்தவை. அவ்வூர் அரசனுக்குக் காணிக்கையாகக் கொண்டுபோகும் பொருள்களுள் விலையுயர்ந்த வெள்ளிக் கலங்களோடு உயர்தர மதுவும் தனியே குறிக்கப்படுகிறது. சந்தைக்கு ஒன்று, அரண்மனைக்கு ஒன்று. இந்த வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அடுத்தது மண் தரும் சான்று. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். அவருக்குப் பின் பிரெஞ்சு அறிஞர் கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் என்று பலர் அங்கே தோண்டியிருக்கிறார்கள். கிடைத்தவற்றுள் ஆம்போரா எனப்படும் இருபிடிச் சாடிகளின் உடைசல்களும் அடக்கம். குறுகிய கழுத்து, இருபுறமும் பிடி, கூம்பிய அடி. நிற்க வைப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. கப்பலின் அடித்தளத்தில் ஒன்றோடொன்று சாய்த்து அடுக்குவதற்காகச் செய்யப்பட்டது. இத்துண்டுகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றுள் பெரும்பங்கு ஏஜியன் கடலிலுள்ள கோஸ் தீவின் சாடிகளும், அவற்றின் வடிவத்தைப் பார்த்துப் பிற இடங்களில் செய்யப்பட்டவையும் என்று கண்டார். இரண்டு கம்பிகளைச் சேர்த்து ஒட்டியது போன்ற இரட்டைப் பிடி அவ்வகையின் அடையாளம். ஒலிவ எண்ணெயும் மீன் ஊறலும் வந்த சாடிகளும் அங்கே உண்டு. கேரளத்தின் பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வுகளில் ஆம்போராத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. இந்தியக் கடற்கரையில் கிடைத்த துண்டுகள் பலவற்றின் களிமண்ணில் எரிமலைக் கருமணல் கலந்திருப்பதைக் காணலாம். அது இத்தாலியின் கம்பானியப் பகுதியில், வெசூவியசு மலையடிவாரத்து மண்.

பழைய யவனச் சாடி என்று இங்கே எண்ணப்பட்டவை எல்லாம் யவனருடையவை அல்ல என்பதையும் சொல்லவேண்டும். இராபெர்ட்டா தோம்பர் என்னும் ஆய்வாளர் இந்தியத் தளங்களின் மட்கலங்களை மீண்டும் பரிசோதித்து, அவற்றுள் சில பாரசீக வளைகுடா, மெசபத்தோமியப் பகுதிகளிலிருந்து வந்த, உட்புறம் நிலக்கீல் பூசிய வேறுவகைச் சாடிகள் என்று காட்டியிருக்கிறார். பழம்பெருமை பேசும் நமக்கு இது ஒரு நல்ல எச்சரிக்கை.

மூன்றாவது, உரோமரே தம் மதுவைப் பற்றி எழுதிவைத்தவை. மூத்த பிளினி தம் ‘இயற்கை வரலாறு’ நூலின் 14ஆம் பகுதியைத் திராட்சைக்கும் மதுவுக்கும் ஒதுக்கினார். கோஸ் தீவினர் மதுவில் கடல்நீரை மிகுதியாகக் கலப்பார்கள் என்றும், அளவை நிரப்புவதற்காக ஓர் அடிமை செய்த திருட்டே அவ்வழக்கத்தின் தொடக்கம் என்றும் அவர் எழுதுகிறார். அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு முற்பட்ட கேட்டோ, கோஸ் மதுவைப் போலவே இத்தாலியில் செய்துகொள்ளும் முறையைத் தம் வேளாண் நூலில் தருகிறார்: அறுவடைக்கு 70 நாள் முன்பாக, காற்றில்லாத நாளில், நன்னீர் வந்து கலக்காத ஆழ்கடலிலிருந்து நீர் எடுத்துவைக்க வேண்டும். திருட்டு, சில தலைமுறைகளில் செய்முறை ஆகிவிட்டது.

ஆக, அரிக்கமேட்டில் மிகுதியாக வந்திறங்கியது உப்புநீர் கலந்த மதுவின் சாடி. தன் ஊரில் அது உயர்ந்த மது அன்று. நெடும்பயணத்தில் கெடாத மது. அதை அருந்தியவர் அங்கே தங்கிய யவன வணிகர்களா, நம்மவரா என்பது அறிஞரிடையே விவாதம். நன்மாறனின் பொற்கிண்ணத்தில் இருந்தது அதுவா, காணிக்கையாக வந்த உயர்தர மதுவா என்று சாடித் துண்டு சொல்லாது.

* * *

சான்றுகளைப் படித்து முடித்தபோது சுவைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது என்று தோன்றியது. வேதியியல் துறை நண்பர் ஒருவர் துணைக்கு வந்தார். ஐரோப்பா சென்று திரும்பிய உறவினர் ஒருவர், சுங்கவிதி அனுமதிக்கும் அளவுக்குள், கிரேக்க நாட்டு ரெட்சினா ஒன்றும் கம்பானியச் சிவப்பு மது ஒன்றும் கொண்டுவந்து தந்தார். பிரான்சின் போர்தோ மதுவை அரசின் உயர்வகை மதுக்கடையில் வாங்கினோம். போர்ச்சுகலின் மதேரா இன்னொரு நண்பரின் அன்பளிப்பு. மொத்தம் நான்கு புட்டிகள்.

வீட்டில் ஒரு தடை இருந்தது. நம் தாயார். எழுபதைக் கடந்தவர், தம் அண்ணனைச் சாராயத்துக்குப் பறிகொடுத்தவர். அந்த மாமாவின் படம் கூடத்தில் மாலையோடு தொங்குகிறது. நாம் ஆராய்ச்சி என்று நீட்டி முழக்கியதை அமைதியாகக் கேட்டுவிட்டு, “மாமா படத்துக்கு எதிர்ல வேணாம்பா. மாடிக்குக் கொண்டு போ” என்றார். அவ்வளவுதான். திருக்குறளின் 93ஆம் அதிகாரத்தில், மகன் குடித்துக் களிப்பது பெற்ற தாயின் முகத்துக்கே துன்பம் என்று வள்ளுவர் சொல்லும் கருத்து, அன்று நமக்கு உரையின்றி விளங்கிற்று. புட்டிகளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனோம்.

அது சித்திரை மாதம். பள்ளிப்பட்டின் சித்திரை எப்படி இருக்கும் என்று இப்பக்கத்தார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் கல்மலை, குசஸ்தலை ஆற்றில் மணல் மட்டும். குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம் என்றார் நண்பர். பாண்டியனுக்கு அது இல்லை என்று மறுத்துவிட்டு, குடிநீர்ப் பானையின் அடியில் பரப்பியிருந்த ஈரமணலில் புட்டிகளைப் புதைத்து, மேலே நனைத்த சாக்கைப் போர்த்தினோம். மாலையில் எடுத்தபோது கைக்குச் சில்லென்று இருந்தது. நக்கீரர் மதுவின் பண்புகளாக இரண்டையே சொல்கிறார். அவற்றுள் முதலாவது குளிர்ச்சி. இந்த வெயிலில் குளிர்ந்த ஒன்று என்பதே அரசச் செல்வம். கைப்பட்ட பிறகுதான் அந்த அடைமொழி வெறும் அடைமொழியன்று என்று தெரிந்தது.

முதலில் ரெட்சினா. ஆம்போராவின் உட்புறத்தில் மது கசியாமல் இருக்கப் பைன் மரத்துப் பிசினைப் பூசுவார்கள். அந்த மணம் மதுவில் இறங்கும். சாடிகள் ஒழிந்த பிறகும் கிரேக்கர்க்கு அந்த மணம் பழகிப்போய்விட்டது. இன்றும் வெள்ளை மதுவில் வேண்டுமென்றே பிசினைச் சேர்த்துச் செய்வதே ரெட்சினா. யவனச் சாடிக்குள் இருந்ததற்கு இன்று கிடைக்கக்கூடிய அண்மைச் சுவை இதுவே என்று எண்ணுகிறோம். தக்கையைத் திறந்ததும் எழுந்த மணத்தை எதனோடு ஒப்பிடுவது என்று நாமும் நண்பரும் தடுமாறிக்கொண்டிருந்தோம். வெற்றிலைத் தட்டோடு மாடிப்படி ஏறிவந்த நம் மனைவியார், அருந்தாமலே, “குங்கிலியம் போட்ட மாதிரி இருக்கே” என்றார். குங்கிலியமேதான். வாயில் வைத்தபோது முதலில் எலுமிச்சைப் புளிப்பு, பிறகு அந்தப் புகைமணம், கடைசியில் மெல்லிய கைப்பு. முதல் மிடறு மருந்து போல இருந்தது. மூன்றாவது மிடற்றில் பழகியது.

பழங்காலக் கிரேக்கரும் உரோமரும் மதுவில் நீர் கலந்தே அருந்துவர். கலக்காமல் அருந்துவது அநாகரிகம் என்பது அவர்கள் எண்ணம். நாமும் ஒரு கண்ணாடிக் குவளையில் சரிபாதி நீர் ஊற்றினோம். பிறகு கேட்டோவை நினைத்து ஒரு சிட்டிகை கல்லுப்பு சேர்த்தோம். முகம் சுளிக்கத் தயாராக இருந்த நண்பர் வியப்போடு நம்மைப் பார்த்தார். கைப்பு அடங்கி, புளிப்பு மட்டுப்பட்டு, மோரில் உப்பிட்டால் நேரும் மாற்றம் போல ஒன்று நிகழ்ந்திருந்தது. அடிமையின் திருட்டு ஏன் செய்முறை ஆயிற்று என்பது அப்போது விளங்கிற்று.

இரண்டாவது கம்பானியச் சிவப்பு, அக்லியானிக்கோ என்னும் திராட்சையில் செய்தது. உரோமர் கொண்டாடிய ஃபலேர்னிய மது விளைந்த நிலம் கம்பானியாவின் வடபகுதி. அதைப் பற்றி எழுதிய பிளினி கி.பி. 79இல் வெசூவியசு வெடித்தபோது அதே கம்பானியக் கடற்கரையில் இறந்தார். இந்த மதுவின் முதன்மைச் சுவை துவர்ப்பு. ஐரோப்பியர் மதுவைப் பற்றி எழுதும் நூல்களில் இத்துவர்ப்பை விளக்கப் பெரும்பாடு படுவார்கள். அறுசுவையுள் ஒன்றாகத் துவர்ப்பைப் பெயரிட்டு வைத்திருக்கும் நமக்கு அந்தச் சிரமம் இல்லை. நாவற்பழம் தின்றபின் நாக்கு தடித்துப்போவது போன்ற துவர்ப்பு. அதன் பின்னால் கொட்டைப்பாக்கு. வெறும் வாய்க்குக் கடுமையாகவே இருந்தது. மாடிக்கு வந்த கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் சேர்ந்தபோதுதான் அது தணிந்து ஒழுங்குக்கு வந்தது. உணவின்றி அருந்தப்படும் பொருளன்று இது என்று தோன்றியது.

மூன்றாவது போர்தோ. இதில் பிசின்மணம் இல்லை. மாறாக மரத்தின் மணம், பழைய அலமாரியைத் திறந்தது போல. காரணம், இது வளர்ந்தது ஓக்கு மரப் பீப்பாயில். காலப்போக்கில் ஐரோப்பாவில் ஆம்போராவின் இடத்தை மரப் பீப்பாய் பிடித்துக்கொண்டது. எடை குறைவு, உருட்டிக்கொண்டு போகலாம். ஆனால் அகழாய்வாளர்க்கு அது பெருநட்டம். மட்கலம் உடைந்தாலும் ஈராயிரம் ஆண்டு கிடக்கும். மரம் மக்கிவிடும். பீப்பாயில் போன மது எந்தக் கரையில் இறங்கிற்று என்று மண் சொல்லாது. இந்த எண்ணம் ஏனோ அப்போது மனத்தில் ஒரு முள்ளாகத் தைத்து நின்றது.

கடைசியாக மதேரா. அட்லாண்டிக் தீவொன்றின் பெயர் அது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் வழியில் அங்கே தங்கிப் பீப்பாய்களை ஏற்றிக்கொள்ளும். வெப்பமண்டலக் கடல்களைக் கடக்கையில் கப்பலின் அடித்தளத்துச் சூட்டில் வேறெந்த மதுவும் கெட்டுப்போகும். மதேராவோ மேலும் சிறந்தது. இதனைக் கண்டுகொண்ட வணிகர், சில பீப்பாய்களை இந்தியா வரை அனுப்பி மறுபடி திருப்பியும் கொண்டுவந்து கூடுதல் விலைக்கு விற்றார்கள். பிறகு ஊரிலேயே சூடேற்றும் முறை வந்தது. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக் கம்பெனியார் விரும்பி அருந்தியது இதுவே. காய்ச்சிய வெல்லப்பாகு, வறுத்த வேர்க்கடலை, அடியில் கூர்மையான புளிப்பு. நான்கனுள் நம் நாவுக்கு உடனே உறவானது இதுதான். நம் வெயில் பட்டு உருவான சுவை அல்லவா!

* * *

அன்றிரவு ஒரு சிறு சோதனை செய்தோம். கண்ணாடிக் குவளைக்குப் பதிலாக வீட்டு எவர்சில்வர் டம்ளரில் கம்பானியச் சிவப்பை ஊற்றினோம். அதுவரை நாங்கள் பேசிக்கொண்டிருந்த நிறம், மாலை வெளிச்சத்தில் மாணிக்கம் போலத் தெரிந்த அந்தச் சிவப்பு, மறைந்துவிட்டது. இருண்ட நீர்மம் ஒன்று இருந்தது. மீந்தவை உதட்டில் பட்ட குளிர்ச்சியும் மூக்கில் ஏறிய மணமும்.

சட்டென்று பாடல் நினைவுக்கு வந்தது. நக்கீரர் அந்த மதுவின் நிறத்தைச் சொல்லவில்லை. குளிர்ச்சியையும் மணத்தையும் மட்டுமே சொல்கிறார். கிண்ணமோ பொன். உலோகக் கிண்ணத்தில் நிறம் தெரியாது. குளிரும் மணமுமே தெரியும். இதை ஆய்வு முடிவாக எவரிடமும் நாம் வாதிட மாட்டோம். எனினும், அந்தக் கிண்ணத்துக்கு வெகு அருகில் நின்ற ஒருவர் பாடிய பாடல் அது என்று அன்றிலிருந்து நமக்குள் ஓர் உறுதி. இருபது ஆண்டு அரை நிமிடத்தில் கடந்துபோன அடிக்குள் இவ்வளவு துல்லியம் இருந்திருக்கிறது.

ஆனால் முள் இன்னும் தைத்துக்கொண்டிருந்தது. மரம் மக்கும், மட்கலம் மக்காது.

சங்கப் பாடல்களில் யவன மது வருவது அருமை. நம் நிலத்து மது வருவது மிகுதி. பாரியின் மலைநாட்டைப் பாடும் கபிலர், நிலத்துக்குள் புதைத்து முதிரவைத்த மதுவைச் சொல்கிறார் (புறம் 120). மலைவாணர் மூங்கிற் குழாயில் இட்டு முதிரவைத்த தேறலைப் பல பாடல்கள் பேசுகின்றன. பெரும்பாணாற்றுப்படையில் நெல்லால் வீட்டிலேயே சமைத்த தோப்பி வருகிறது. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், நாட்பட்ட தேறலின் வேகத்துக்குத் தேளின் கடுப்பை உவமை சொல்கிறார் (புறம் 392). கிண்ணத்தருகே நின்றவரின் துல்லியம் இங்கும் இருக்கிறது. நம் ஊர்ப் பக்கமே வருவோமானால், வேங்கட மலையையும் அதன் தலைவன் புல்லியையும் பாடும் மாமூலனார், அம்மலை மக்களின் நறவு மகிழ்ச்சியை அகநானூற்றின் 61ஆம் பாடலில் குறிக்கிறார். வேங்கடம் நமக்கு வடக்கே கூப்பிடு தொலைவு.

இவற்றுள் எதற்கும் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழை இல்லை. மூங்கில் மக்கிவிட்டது. புதைத்த பானை பிற பானைகளைப் போன்றதே. உடைந்தால் அது மதுப்பானை என்று யார் சொல்ல முடியும்? யவனனின் சாடிக்குத் தனி வடிவம் இருந்தது. ஆதலால் அது வரலாறு ஆயிற்று. நம் குடியானவனின் பானைக்கு அது இல்லை. ஆதலால் அது இலக்கியத்தில் மட்டும் எஞ்சியது. செங்கடல் துறையான குசேர் அல் கதீமில், தமிழ்ப் பிராமியில் ‘பானை ஒறி’ என்று எழுதிய மட்கலத் துண்டு ஒன்று கிடைத்தது; ஐராவதம் மகாதேவன் அதனைப் படித்து உறிப் பானை என்று விளக்கினார். எழுத்துப் பொறித்திருந்ததால் அந்த ஓர் உறிப் பானை தப்பியது. எழுத்தில்லாத எத்தனையோ பானைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மக்கிப்போனவை மூங்கிலும் மரமும் மட்டுமா? 1937இல் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. மறு ஆண்டில் அது சித்தூர் மாவட்டத்துக்கு வந்தது. அன்று நம் பகுதி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960 ஏப்ரலில்தான் திருத்தணியோடு தமிழகத்துக்கு வந்தோம். பின்னர் விலக்கு நீங்கி, மீண்டு, மீண்டும் நீங்கியது. 1983இல் அரசின் வாணிபக் கழகம் பிறந்து, 2003இல் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டது. இடையில் 1987 முதல் கள் இறக்குவதற்குத் தடை. அது இன்றும் தொடர்கிறது. எல்லையைத் தாண்டினால் ஆந்திரத்தில் கள் இறக்குவது சட்டத்துக்கு உட்பட்ட தொழில். இப்பால் அதே பனை, அதே பாளை, அதே பானை, குற்றம். போர்தோ புட்டியை நாம் விளக்கொளி வீசும் கடையில் ரசீதோடு வாங்கினோம். நறவின் பேரர்க்கு அந்த ரசீது கிடையாது.

இதைச் சொல்வதால் கள்ளுக்கடை திறக்கச் சொல்கிறோம் என்று எவரும் கொள்ளவேண்டாம். 1992இல் எல்லைக்கு அப்பால் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் பெண்கள் எழுந்து சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது பெரும் இயக்கமாகி, மறு ஆண்டு ஆந்திரம் முழுவதும் சாராயம் தடைசெய்யப்பட்டது. அந்தச் செய்தியை நாளிதழில் நாம் படித்துக் காட்டியபோது நம் தாயார் கண்ணீர் விட்டதை மறக்கவில்லை. அவர் பக்கத்து நியாயத்தை வள்ளுவரே பேசிவிட்டார். நம் வருத்தம் வேறு. அயலவர் தந்த குளிர்ந்த மணத்துக்கு ஒரு சொல்லும், நம் நிலத்துத் தேள்கடுப்புக்கு ஒரு வசையும் வைத்திருக்கிறோமே, இந்த இரட்டைக் கணக்கைச் சங்கப் புலவர் எழுதவில்லை. அவர்கள் இரண்டையும் தேறல் என்றே அழைத்தார்கள். கணக்கைப் பின்னால் எழுதியவர்கள் நாம். அதைத் திருத்தாமல் பாடம் நடத்தியவர்களும் நாமே.

* * *

மறுநாள் காலை மாடியைப் பெருக்கிக்கொண்டிருந்த தாயார், காலிப் புட்டிகளை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, இதற்கு யவனர் என்ன வாங்கிக்கொண்டு போனார்கள் என்று கேட்டார். அவர்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பியதை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியிருக்கிறார் (அகம் 149) என்று சொன்னோம். “பொன்னு குடுத்து மிளகு வாங்கினவன் புத்திசாலி. இதை வாங்கிக் குடிச்சவன்தான்...” என்று தொடங்கியவர் முடிக்காமல், ரெட்சினாப் புட்டியை மட்டும் கழுவி வைத்துக்கொண்டார். இப்போது அதில் நல்லெண்ணெய் இருக்கிறது. அரிக்கமேட்டுச் சாடிகளும் மது தீர்ந்தபின் இப்படித்தான் எவர் வீட்டிலாவது எண்ணெய்க்கும் தானியத்துக்கும் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

அந்த மாணவி படிப்பை முடித்துச் சென்றுவிட்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய விடையை அடுத்துவந்த வகுப்புகளுக்குச் சொல்லிவருகிறோம். புறம் 56ஐ நடத்தும் நாளில் புறம் 392ஐயும் உடன் எடுத்துச் செல்கிறோம். கரும்பலகையில் தேறல் என்று ஒரே ஒரு சொல்லை எழுதி, அதன் கீழே இடப்பக்கம் யவனச் சாடியையும் வலப்பக்கம் மூங்கிற் குழாயையும் வரைகிறோம். நம் ஓவியத் திறமைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்று போலவே அமைந்துவிடுகின்றன. பிறகு, இன்று இப்பாடலைப் படிக்கும் ஒரு வீட்டில் குடியால் ஒருவர் இறந்திருக்கலாம், அந்த வீட்டாரின் காதிலும் இது விழும் என்பதை மறவாமல் படியுங்கள் என்கிறோம். அரை நிமிடம் போதுவதில்லை. ஒரு பாடவேளை முழுவதும் ஆகிறது. நான்கு தெய்வங்களை மறுநாளைக்குத் தள்ளிவைத்துவிடுகிறோம்.